ஆடிப் பொங்கலுக்கு ஓர் அடுப்பு

விளாங்குடி,
ஆனி 18

அன்பு பாண்டிச்செல்விக்கு,

சிவபாண்டி எழுதுவது. நான் நலம். நீயும் பவதாரிணியும் மாப்பிள்ளையும் நலமாக இருக்க வேண்டும். நாகர்கோவிலில் மழை விடவில்லை என்று மாப்பிள்ளை சொன்னார். ஈரக் காற்றில் வாசலில் நிற்காதே. இன்ஹேலர் காலையும் மாலையும் எடுக்கிறாயா? எடுத்தால் வாய் கொப்பளிக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னது நினைவிருக்கட்டும்.

கல்யாணமாகி முப்பத்தோரு வருடத்தில் உனக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. ஃபோனில் சொல்லலாம்தான். நான் வாயைத் திறப்பதற்குள் நீ, "சாப்பிட்டீங்களா? சரி, வச்சிடுறேன்" என்கிறாய். எனக்கும் அதற்கு மேல் வார்த்தை வருவதில்லை. போன மாதம் பவதாரிணிதான் சொன்னாள், "அம்மா இந்த வருசம் ஆடிப் பொங்கலுக்கு வரலையாம்ப்பா" என்று. நான் சரி என்று சொல்லி வைத்துவிட்டேன். அன்று சோறு இறங்கவில்லை. அதற்குப் பிறகு இங்கே நடந்ததைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

பஸ் டிப்போவில் என்னோடு மெக்கானிக்காக இருந்த பீமாராவை உனக்குத் தெரியும். ஓய்வுபெற்ற பிறகு அவன் புல்லட்டை எடுத்துக்கொண்டு மேகமலை, கொல்லிமலை என்று கூடாரத்தோடு திரிகிறான். போகிற இடத்தில் தானே சமைத்துக்கொள்கிறான். புகையில்லாமல் வெட்டவெளியில் பொங்கல் வைக்க முடியுமா என்று அவனிடம் கேட்டேன். வீட்டுக்கு வரச் சொல்லி, நாலு அடுப்பை மொட்டை மாடியில் பரப்பிவிட்டான்.

தகரத்தில் மடக்கி விரிக்கிற விறகு அடுப்பு ஒன்று. சுள்ளி போட்டால் போதும், புகையே வராது என்று அட்டையில் எழுதியிருந்தது. பற்றவைத்துக் குனிந்தேன். காற்று திரும்பியதும் மொத்தமும் என் முகத்தில்தான். கண்ணைத் திறக்க முடியவில்லை, இருமி இருமி வயிறு வலித்தது. பீமாராவ் தண்ணீர் கொண்டு வந்தான். எனக்கே இப்படி என்றால் உனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு அந்த அடுப்பை அணைத்தேன்.

ஸ்பிரிட் ஊற்றி எரிக்கிற சின்னக் கிண்ணம் விலை ரொம்பக் குறைவு. ஆனால் வெயிலில் அதன் தீ கண்ணுக்கே தெரியவில்லை. முந்தானை பட்டால் என்ன ஆவது? வேண்டாம் என்றேன். உள்ளங்கையில் அடங்குகிற மூன்று கால் அடுப்பு ஒன்றும் இருந்தது. காபி போடலாம். பொங்கல் பானையைத் தூக்கி வைத்தால் சாய்ந்துவிடும்.

கடைசியில் மனசுக்குப் பிடித்தது பெட்டி அடுப்பு. சூட்கேஸ் மாதிரிப் பெட்டியில் வருகிறது. ஒரே பர்னர், தரையோடு தரையாக உட்காரும், ஆடாது. பக்கத்திலேயே ஒரு சின்ன கேஸ் டப்பாவைப் பொருத்த வேண்டும். ஒரு டப்பா ஒன்றரை மணி நேரம் எரிகிறது. டவுனில் ஒரு பாத்திரக் கடையில் ஆயிரத்து எண்ணூறுக்கு வாங்கினேன். கடைக்காரர் ஐந்து கிலோ சிலிண்டரைக் காட்டி, "அண்ணே, இதுல அம்பது பேருக்குச் சமைக்கலாம்" என்றார். என் வீட்டுக்காரம்மா ஒரு கையில் தூக்கிப் போகிற மாதிரி இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டேன்.

காற்றுக்கு மறைப்பாகத் தகரம் ஒன்று வெட்டியிருக்கிறேன். காற்று வரும் பக்கம் மட்டும்தான் வைக்க வேண்டும், சுற்றி அடைத்தால் டப்பா சூடாகி வெடிக்கலாம். அதே காரணத்துக்காகப் பெரிய பானையும் கூடாது. நம் சின்ன வெண்கலப் பானை சரியாக இருக்கிறது. மூன்று நாள் மொட்டை மாடியில் பழகினேன். முதல் நாள் அடிப்பிடித்தது. இரண்டாம் நாள் வெல்லத்தை முன்னாலேயே போட்டுவிட்டேன், அரிசி வேகவே இல்லை. எதிர்வீட்டு முனியாயி அக்கா மாடியிலிருந்து பார்த்துவிட்டு, "தம்பி, செல்வி வர்றதுக்குள்ள பானைய ஓட்டை போட்டுறாதீக" என்று சிரித்தார்கள். மூன்றாம் நாள் கொண்டு போய்க் கொடுத்தேன். நெய் கொஞ்சம் குறைச்சல் என்றார்கள், கிண்ணம் மட்டும் காலியாக வந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை பொங்கலைப் பற்றிப் பேச நம் ஊர் கொட்டாம்பட்டிக்குப் போனேன். அய்யனார் கோயில் மரத்தடியில் எல்லோரும் கூடியிருந்தார்கள். நான் பெட்டியைத் திறந்ததும் மலையம்மாள் அக்கா, "கேஸுல பொங்குனா சாமி ஏத்துக்குமா தம்பி?" என்றார்கள். ஆண்டிச்சாமி அண்ணனுக்குக் கோபமே வந்துவிட்டது. "மூணு கல்லு கூட்டி விறகுல வைக்கிறதுதான்டா வழக்கம். ஒருத்திக்காக மாத்த முடியுமா?" என்றார்.

அண்ணன் முன்னால் நான் குரல் உயர்த்தியதில்லை, உனக்குத் தெரியும். அன்று எழுந்து நின்றுவிட்டேன். "அண்ணே, போன வருசம் இதே எடத்துல அவ கீழ விழுந்தா. மேலூர் ஆஸ்பத்திரி வரைக்கும் மடியில போட்டுக்கிட்டுப் போனவன் நானு. அம்புட்டுத் தூரமும் அவ மூச்சையே பாத்துக்கிட்டுப் போனேன். எனக்கு அவ மூச்சு வேணும். இந்த அடுப்பு ஆகாதுன்னா நான் வீட்டுலயே கும்புட்டுக்கிறேன்" என்றேன்.

நான் உட்கார்ந்து அடுப்பைப் பற்றவைத்து எல்லோருக்கும் டீ போட்டேன். அண்ணன் வாங்கிக் குடித்தார். குடித்து முடித்து, "மேக்கால ஓரமா வச்சுக்க. ஆடிக்காத்து அங்கிட்டு இருந்துதான் அடிக்கும், பொகை ஒம் பக்கம் வராது" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

கிளம்பும்போது அண்ணன் மருமகள் முத்துத்தாய் வண்டி வரைக்கும் வந்தாள். "சின்ன மாமா, இது எந்தக் கடையில வாங்குனீக? எனக்கும் ரெண்டு வருசமா பொகை பட்டா நெஞ்சை அடைக்குது. வீட்டுல சொல்லல" என்றாள். ஏன் தாயி சொல்லவில்லை என்று கேட்டேன். "சின்ன அத்தைக்கு என்ன சொன்னாகன்னு பாத்தேன்ல" என்றாள்.

செல்வி, அவள் என்னைக் குற்றம் சொல்லவில்லை. ஆனாலும் கொட்டாம்பட்டியிலிருந்து வீடு வரும்வரை அது காதில் இருந்தது. போன ஆடியில் நீ புகை தாங்காமல் எழுந்து தள்ளி நின்றாய். "ஊர்ப் பொம்பளைக எல்லாம் பொங்க வைக்கலையா, ஒனக்கு மட்டும் என்ன?" என்று அத்தனை பேர் முன்னால் கேட்டது நான்தான். நீ திரும்பப் போய் அடுப்பு முன்னால் உட்கார்ந்தாய். அதன் பிறகுதான் விழுந்தாய். இந்த ஒரு வருடத்தில் நீ ஒரு தடவைகூட அதைப் பற்றிப் பேசவில்லை. பேசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

முத்துத்தாய்க்கும் ஒரு பெட்டி அடுப்பு வாங்கி வைத்திருக்கிறேன். மேற்கு ஓரத்தில் இரண்டு பானை இருக்கும்.

ஆடி இரண்டாம் வெள்ளி பொங்கல். நீ வா என்று சொல்ல எனக்குத் தைரியம் போதவில்லை, அதனால் எழுதுகிறேன். வந்தால் நீ அடுப்புப் பக்கமே போக வேண்டாம். பொங்கல் நான் வைக்கிறேன். மரத்தடியில் நாற்காலி போட்டுத் தருகிறேன். பால் பொங்கி வரும்போது நீ குலவை மட்டும் போட்டால் போதும். மூச்சு இடம் கொடுக்கவில்லை என்றால் அதுவும் வேண்டாம். பக்கத்தில் சும்மா இரு.

அய்யனார் உன்னை நல்லபடியாக வைத்திருக்கட்டும்.

உன்,
சிவபாண்டி