தள்ளுபடிப் படத்தில் ஒரு நாற்காலி

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நாங்கள் இருவரும் சுகம் என்று சொல்லிவிட்டுத்தான் மற்றதைத் தொடங்க வேண்டும். நான் சுகம். அம்மாவைப் பற்றிக் கீழே எழுதியிருக்கிறேன், படித்துவிட்டு நீயே சொல். உன் சுகத்தைக் கேட்டால் போனில் நல்லா இருக்கேன்பா என்று இரண்டு வார்த்தை மெசேஜ் வருகிறது, எப்போது கேட்டாலும் அதே இரண்டு வார்த்தை. பேசலாம் என்று கூப்பிட்டால் எடுப்பதில்லை. அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன். பதிலையும் நீ உன் கையாலேயே எழுது, கையெழுத்தைப் பார்த்தால் எனக்கு ஓரளவு தெரிந்துவிடும்.

நம் ஆன்லைன் கடைக்குச் சோறு போடுவது ஆண்டுக் கடைசி விடுமுறை வியாபாரம்தான். வெயில் மண்டையைப் பிளக்கும்போதே அந்த வேலையைத் தொடங்காவிட்டால் பெரிய கடைக்காரர்கள் முந்திக்கொள்வார்கள். இந்த முறை முதல் வாரம் மேசைவிரிப்பு வாங்கினால் கைத்துண்டு இலவசம், அடுத்த வாரம் குஷன் உறைக்குத் தள்ளுபடி, கடைசி வாரம் பரிசுத்தாள் சுற்றி அனுப்புவது நம் செலவு என்று திட்டம் போட்டேன். அம்மா தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்காமலே, தள்ளுங்க தள்ளுங்க, தச்சுக் குடுக்கிறவளையும் சேத்துத் தள்ளிடாதீங்க என்றாள். விளம்பர வாசகம் அவள் சொன்னது: இந்த விடுமுறைக்கு வீட்டுக்கு யாரோ வருகிறார்கள். யாரோ என்று எதற்கு, பிள்ளைகள் வருகிறார்கள் என்றே போடலாமே என்றேன். யாருன்னு தெரியாம இருக்கட்டும், அப்பத்தான் நாலு பேர் வாங்குவாங்க என்றாள்.

படம் எடுக்கும் நாளில் நம் முன்னறை என்ன கோலமாகும் என்று உனக்கு நினைவிருக்கும். ஜன்னலில் கறுப்புத் துணி, உள்ளே விளக்கு, நடுமதியத்தில் ஒரு பொய் மாலை. விரிப்பு படபடக்கும் என்று மின்விசிறியும் கிடையாது. மூலையில் பளபளப்புத் தாள் சுற்றிய பரிசுப் பெட்டிகள், எல்லாமே காலி. மூன்று பேருக்குத் தட்டு வைத்தோம். கேமராவுக்கு முதுகு காட்டும் நாற்காலி காலியாக இருக்கட்டும், பார்க்கிறவர்கள் தாங்களே வந்து உட்காரப்போவதாக நினைத்துக்கொள்வார்கள் என்று போட்டோ எடுக்க வந்த பெண் சொன்னாள். அது நீ உட்காரும் இடம். கேமரா விட்டு விட்டுத் தானாகவே எடுக்கும்படி வைத்துவிட்டு, புழுக்கம் தாங்காமல் நானும் அந்தப் பெண்ணும் வாசலில் போய் நின்றோம். அம்மா விரிப்பின் ஓரத்தை நீவிக்கொண்டு உள்ளேயே இருந்தாள்.

நாங்கள் திரும்பி வந்தபோது அம்மா ரொம்பச் சாதாரணமாக, இப்பத்தான் நம்ம பொண்ணு வந்துட்டுப் போனா, வாசல்லதானே நின்னீங்க, பாக்கலையா என்று கேட்டாள். விளையாட்டு என்று நினைத்து போட்டோப் பெண் சிரித்தாள். ஒண்ணுமே சாப்பிடலை, தண்ணி மட்டும் குடிச்சா, முடியை ஒட்ட வெட்டியிருக்கா, தடவிப் பாத்தேன், அப்பாகிட்ட சொல்லாதேம்மான்னா என்றும் அம்மா சொன்னாள். புழுக்கமும் அலங்காரமும் சேர்ந்து அவளைக் குழப்பிவிட்டன என்றுதான் நினைத்தேன். ஆனால் மற்ற எதிலும் அவளுக்குத் தடுமாற்றம் இல்லை. தையல் நூல் பிடித்தது போல ஓடுகிறது. என் திட்டத்தைப் பார்த்துவிட்டு, கடைசி ஆர்டர் என்னைக்குன்னு போடலையே, பார்சல் போய்ச் சேர நாள் வேண்டாமா என்று என் தப்பைத்தான் பிடித்தாள்.

பிறகு படங்களைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தோம். முதலில் நாற்காலி மேசைக்குள் தள்ளியிருக்கிறது, அம்மா நிற்கிறாள். அடுத்த படத்தில் நாற்காலி வெளியே இழுபட்டிருக்கிறது, அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். அதற்குப் பிறகு வருகிற படங்களில் அவள் கை அந்த நாற்காலிக்கு மேலே அந்தரத்தில் நிற்கிறது, உட்கார்ந்த ஆளின் தலை இருக்கும் உயரத்தில். நீட்டிய கை கொஞ்ச நேரத்தில் தொய்ய வேண்டும் அல்லவா அம்மாடி? படத்துக்குப் படம் அது இம்மியும் இறங்கவில்லை, எதன் மேலோ தாங்கி வைத்தது போல இருக்கிறது. போட்டோப் பெண்ணுக்குச் சிரிப்பு போய்விட்டது. இதுதான் சார் நல்லா வந்திருக்கு, ஆனா என் பேரைப் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டாள்.

படம் முடிந்த அன்றே அறையைக் கலைத்துவிடுவது நம் வழக்கம். இந்த முறை அம்மா விடவில்லை. கறுப்புத் துணி அப்படியே தொங்குகிறது, பகலிலும் அங்கே விளக்குப் போட வேண்டியிருக்கிறது. தினமும் காலிப் பெட்டிகளைத் துடைக்கிறாள். நாற்காலியை உள்ளே தள்ளப் போனால், இருக்கட்டும், எந்திரிக்க அவளுக்குக் கஷ்டமா இருந்துச்சு என்கிறாள். இப்போது அந்தப் பக்கம் போனால் நானும் சுற்றிக்கொண்டுதான் போகிறேன்.

நீண்ட பதில் வேண்டாம். முடியை வெட்டியிருக்கிறாயா என்பதை மட்டும் எழுது. இல்லை என்றால் அம்மாவை டாக்டரிடம் அழைத்துப் போகிறேன். ஆமாம் என்றால் கடையைப் பூட்டிவிட்டு நாங்கள் இருவரும் அங்கே வந்துவிடுகிறோம், விடுமுறை வியாபாரம் போனால் போகட்டும். எதற்காகவும் நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். வேளைக்குச் சாப்பிடு, சாப்பிட முடியாவிட்டால் தண்ணீராவது குடி.

இதனுடன் அம்மா தைத்த தொப்பி ஒன்று இருக்கிறது. இருப்பதிலேயே மெத்தென்ற துணியில் தைத்திருக்கிறாள். தையல் மடிப்பெல்லாம் வெளிப்பக்கம் இருக்கிறதே, திருப்பித் தைத்துவிட்டாயா என்று கேட்டேன். வெறும் தலையில உறுத்தக் கூடாதில்ல என்றாள்.

உனக்கு ஒரு குறையும் வராது, நாங்கள் இருக்கிறோம். பதில் எழுத மறக்காதே.

உன் அப்பா