அப்பாவைச் சைக்கிளிலிருந்து நீதான் இறக்க வேண்டும்

அன்புள்ள மகன் மணிகண்டனுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உன் தங்கச்சி அனுவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். மனசுக்கு எப்படி என்று நீ கேட்கமாட்டாய், அதனால் நானே எழுதுகிறேன். போனில் சொல்லலாம்தான், ஆனால் உன் போன் வந்தாலே அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்து ஸ்பீக்கரைப் போடச் சொல்லிவிடுகிறார். மெசேஜ் வந்தாலும் என் போனை எடுத்து அவரே சத்தமாக வாசிக்கிறார். அதனால்தான் இந்தக் காகிதத்தைப் பருப்புப்பொடி பார்சலுக்குள் மடித்து வைத்திருக்கிறேன். காராச்சேவு சாத்தூரில் வாங்கியது, நொறுங்கிப் போயிருந்தால் என்னைத் திட்டாதே.

விஷயம் அப்பாவின் சைக்கிள்தான். நீ லீவுக்கு வந்தபோது நெதர்லாந்தில் பெரிய பெரிய ஆபீசர்களே சைக்கிளில்தான் போகிறார்கள், அதற்கென்று தனிப் பாதை இருக்கிறது, சைக்கிள் வந்தால் கார்க்காரன் நின்று வழிவிடுவான், ஊரில் புகையே இல்லை என்றெல்லாம் சொல்லிவிட்டு ப்ளைட் ஏறிவிட்டாய். அவர் அதைப் பிடித்துக்கொண்டார். சுகருக்கு நல்லது என்று டாக்டரும் சொல்லிவிட்டார், கேட்கவா வேண்டும். இப்போது வீட்டிலிருந்து நம் காலண்டர் பிரஸ்ஸுக்குத் தினமும் சைக்கிள்தான், கார் உறை போட்டு நிற்கிறது. நான் பொய் சொல்லக் கூடாது, சுகர் நன்றாக இறங்கியிருக்கிறது, தூக்க மாத்திரை இல்லாமல் தூங்குகிறார், காலண்டர் சீசன் வந்தால் எங்கள் எல்லோரையும் கடித்துக் குதறுகிற மனுஷன் இந்த வருஷம் யார் மேலும் எரிந்து விழவில்லை. ஆனால் நம் ரோடு உனக்குத் தெரியாததா? காலையில் தாயில்பட்டிப் பக்கம் பட்டாசு ஆலைகளுக்கு ஆள் ஏற்றிப் போகிற வேன்கள் ஒன்றையொன்று முந்திக்கொண்டு போகின்றன, லோடு வண்டி ஒரு பக்கம், எதிர்த்திசையில் வருகிற பைக் ஒரு பக்கம். தார் ஓரம் உடைந்து கிடக்கிறது, அதைத் தாண்டினால் மண்ணும் கருவேல முள்ளும்தான், சைக்கிள் எங்கே போகும்? போன மாதம் ஒரு வேன் கண்ணாடி முழங்கையை உரசிவிட்டது. உரசியவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பயந்துபோய் டிரைவர் உக்கிரபாண்டியிடம் காரை எடுத்துக்கொண்டு அப்பா பின்னாலேயே மெதுவாகப் போ என்று சொல்லி அனுப்பினேன். பின்னால் வந்த வண்டியெல்லாம் ஹாரன் அடித்து ரோடே நின்றுவிட்டதாம். அப்பா இறங்கி வந்து, ஏலே, நான் சைக்கிள்ல போறதே புகை வேண்டாம்னுதான், நீ அதுக்குப் பின்னால புகை விட்டுக்கிட்டு வாரியே என்று அவனைப் பிடி பிடியென்று பிடித்தாராம். அவன் சாயங்காலம் வந்து, அம்மா, நான் வேற வேலை பாத்துக்கிறட்டுமா என்கிறான். இரண்டு பேருக்கும் நடுவில் கிடந்து நான்தான் அல்லாடுகிறேன்.

இதோடு போயிருந்தால் இந்தக் கடிதத்துக்கே அவசியம் இல்லை. ரயில்வே கேட் போட்டால் ஒரு வண்டியும் இன்ஜினை அணைப்பதில்லை அல்லவா, சைக்கிளில் நிற்கிறவர் மூஞ்சியில்தான் அத்தனை புகையும் அடிக்கிறது. காருக்குள்ள ஏசில இருந்தமட்டும் எனக்கு இது தெரியவே இல்ல சுப்பு என்பார். தெரிந்துகொண்டதோடு விடவேண்டியதுதானே? ஒவ்வொரு வண்டியாகப் போய்க் கண்ணாடியைத் தட்டி, கேட் திறக்கிறவரைக்கும் கொஞ்சம் ஆப் பண்ணுங்க என்று கேட்க ஆரம்பித்தார். ஒரு ஆட்டோக்காரன், முதலாளி, தீபாவளிக்கும் வெடி போடாதீகன்னு இப்பிடி வீடு வீடா வந்து கதவத் தட்டுவீகளா என்று கேட்டானாம், அதையும் சிரித்துக்கொண்டே வந்து என்னிடம் சொல்கிறார். அப்படித் தட்டிய ஒரு காரில் இருந்தது யார் தெரியுமா? விருதுநகர் பருப்பு மண்டி தங்கப்பாண்டியன். அனுவுக்குப் பேசிக்கொண்டிருக்கிற மாப்பிள்ளையின் அப்பா. சட்டை தொப்பலாக நனைந்து, ஹேண்டில்பாரில் தூக்குவாளி தொங்க, உன் அப்பா அவர் கண்ணாடியைத் தட்டிக்கொண்டு நிற்கிறார். அவர் என்ன நினைப்பார்?

நம் ஊரில் ஒரு முதலாளி காரை விட்டு இறங்கினால் அதற்கு ஒரே அர்த்தம்தான் என்பது உனக்கே தெரியும். அன்று சாயங்காலமே கற்பகவல்லி அத்தை போன் செய்து, மதினி, அண்ணன் காரை வித்துட்டாகளாமே, கம்பெனில எதுவும் பிரச்சினையா, எங்கிட்டயாவது சொல்லக் கூடாதா என்று அழுதுவிட்டாள். சம்பந்தத்தைக் கொண்டுவந்ததே அவள்தானே. வரும் வெள்ளிக்கிழமை பூ வைக்க வருவதாக இருந்தவர்கள் கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம் என்று சொல்லிவிட்டார்களாம். காரணத்தைச் சொல்லாமல் நான் அப்பாவிடம் கெஞ்சி, ஒரு தடவை நேரில் போய்க் கம்பெனி விஷயமும் பேசிவிட்டு வாருங்கள் என்று அனுப்பினேன். நல்லவேளை காரில்தான் போனார். ஆனால் போனவர் கம்பெனி நன்றாக நடக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வரவேண்டியதுதானே, அந்த மண்டியில் உட்கார்ந்து புகையைப் பற்றியும் சைக்கிள் பாதையைப் பற்றியும் காபி ஆறிப்போகிற வரைக்கும் பேசியிருக்கிறார், நீங்களும் ஒரு சைக்கிள் வாங்குங்க என்று சொல்லிவிட்டும் வந்திருக்கிறார். இப்போது அங்கே பேச்சு மாறிவிட்டதாம். கம்பெனிக்கு ஒண்ணும் இல்ல, ஆளுக்குத்தான் என்னமோ ஆயிருச்சு, குடும்பத்துல வேற யாருக்கும் இப்பிடி உண்டான்னு கேக்காக என்று அத்தை சொல்கிறாள்.

அனுவைப் பற்றிச் சொல்கிறேன். அவளுக்கும் அந்தப் பையனுக்கும் மனசு ஒத்துப்போய்விட்டது. போனில் பேசிக்கொள்வார்கள், எனக்குத் தெரியும், தெரியாத மாதிரி இருந்தேன். இப்போது அந்தப் போன் வருவதில்லை. சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்துவிடுகிறாள். ஆனால் அப்பாவை ஒரு வார்த்தை சொல்லவில்லை, சொல்லவிடவும் மாட்டேன் என்கிறாள். இன்று காலையில் வாசலில் என்ன சத்தம் என்று பார்த்தேன், வீங்கின கண்ணோடு அப்பாவின் சைக்கிளுக்கு அவளே காற்று அடித்துக்கொண்டிருந்தாள். அவர் பக்கத்தில் நின்று, பின் டயருக்கு இன்னும் கொஞ்சம் அடிம்மா என்கிறார். அவருக்கு எதுவுமே தெரியவில்லையடா. பூ வைக்கிறது தள்ளிப்போனதற்கு அவர்கள் வீட்டில் ஏதோ சௌகரியக் குறைவு என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார். அதைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வந்து பேனாவை எடுத்தேன்.

நான் சொன்னால் கேட்கமாட்டார், சண்டைதான் வரும். காரணத்தைச் சொன்னால் அப்படிப்பட்ட சம்பந்தமே வேண்டாம் என்று அவரே போய் முறித்துவிட்டு வந்துவிடுவார், அவர் கோபம் நீ அறிந்ததுதான். நியாயம் அவர் பக்கம்தான் என்று எனக்கும் தெரியும். நியாயத்தைக் கட்டிக்கொண்டு அழ எனக்குத் தெம்பில்லை தம்பி, எனக்கு என் பிள்ளை சாப்பிட வேண்டும். நீ சொல்லித்தான் அவர் ஏறினார், நீ சொன்னால்தான் இறங்குவார். போன் செய்து, அப்பா, அந்த ரோட்டில் நீங்கள் போவதை நினைத்தால் எனக்கு இங்கே தூக்கம் வரவில்லை, விட்டுவிடுங்கள் என்று சொல். சம்பந்தத்தைப் பற்றி மூச்சுவிடாதே, பழியை ரோட்டின் மேல் போடு. அதில் பொய்யும் இல்லை, நானும் அவர் வீடு வந்து சேர்கிற வரைக்கும் வாசலிலேயேதான் நிற்கிறேன்.

குளிருக்குக் காதை மூடிக்கொள், நேரத்துக்குச் சாப்பிடு. நம் குலதெய்வம் உனக்குத் துணையிருந்து நீ நூறு வயசு நன்றாக இருக்க வேண்டும். வாசித்ததும் இந்தக் காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிடு. இன்னொன்று. நீ சொன்னால் ஏன் எதற்கு என்று கேட்காமல் மறுநாளே காரில் ஏறிவிடுவார், உன் மேல் அவருக்கு அவ்வளவு பிரியம். அதற்குப் பிறகு கொஞ்ச நாளைக்கு, இப்ப எப்படிப்பா தூங்குறீங்க என்று மட்டும் அவரிடம் கேட்டுவிடாதே.

இப்படிக்கு,
உன் அம்மா
சுப்புத்தாய்