ஊர்ப் பெயர் வைத்த மெட்டு

ஹேசல் எண்ட்,
மார்ச், 1908

அன்பு மகள் லெட்டிக்கு, அம்மா ஆசீர்வாதத்தோடு எழுதுவது.

நீ அனுப்பிய படம் வந்து சேர்ந்தது. எல்ஸி நன்றாக வளர்ந்துவிட்டாள். மூக்கு மட்டும் அப்படியே உன் அப்பா மூக்கு, பாவம். கனடாவில் குளிர் குறைந்ததா? இங்கே மழை விட்டபாடில்லை.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அங்கே கோயிலில் உட்கார்ந்திருக்கும்போது திடீரென்று உன் காதில் விழுவதைவிட நான் சொல்வதே மேல். கல்யாணமாகாத உன்னை வயிற்றுப்பிள்ளையோடு ஊரைவிட்டுத் துரத்த, நம் வாசலில் தகரத்தையும் சட்டியையும் தட்டிக்கொண்டு ஒரு பாட்டுப் பாடினார்களே, அந்த மெட்டு இப்போது கோயிலில் பாடும் பாமாலைப் புத்தகத்தில் ஏறிவிட்டது.

மூன்று வருஷத்துக்கு முன் ஒரு கோடையில் லண்டன்காரர் ஒருவர் பழைய பாட்டுகளைத் தேடிக்கொண்டு சைக்கிளில் வந்தார். அப்பா வேலி வெட்டிக்கொண்டிருந்தார். அது முதலில் அப்பாவின் பாட்டுதானே. கல்யாணத்துக்கு முன்னால் எனக்காகப் பாடிய உழவுப் பாட்டு. ஊரார்தான் அதில் உன் பெயரைப் போட்டு அசிங்கப்படுத்தினார்கள். அன்றிலிருந்து பாடவே பாடாத மனிதர், அந்த ஆளிடம் பாடிவிட்டார். ஏன் பாடினீர்கள் என்று சண்டை போட்டேன். "அந்த ஆளுக்கு ஒண்ணும் தெரியாதுடி, அதான் பாட முடிஞ்சுது" என்றார்.

லண்டன்காரர் அதில் ஜெபப் பாட்டைப் பொருத்தி, மெட்டுக்கு 'ஹேசல் எண்ட்' என்று பெயரும் வைத்துவிட்டார். ஏழு வீடும் ஒரு குட்டையும் உள்ள ஊருக்கு வந்த வாழ்வு! பாடியவர் பெயர் எங்கும் இல்லை.

கோயிலில் முதல் தடவை அந்த மெட்டை ஆர்கனில் வாசித்தபோது ஒருவரும் வாய் திறக்கவில்லை. குருவானவர் பாவம், தனியாகவே பாடி முடித்தார். அன்று நம் வாசலில் எல்லாரையும்விடப் பலமாகத் தகரம் தட்டிய டோர்கஸ் புத்தகத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். இப்போது பார், அவள் குரல்தான் கூரையைத் தொடுகிறது. போன வாரம் வாசலில் என்னைப் பிடித்து, "உங்க வீட்டுக்காரரால நம்ம ஊருக்கே பெருமைக்கா" என்றாள். "அடுத்த வாரம் தகரத்தையும் எடுத்துட்டு வா, இன்னும் ஜோரா இருக்கும்" என்று சொல்லிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து அழுதேன்.

அப்பாவுக்கு நெஞ்சில் சளி கட்டி, படுத்த படுக்கையாக இருக்கிறார். டாக்டர் கையை விரித்துவிட்டார். தன் அடக்கத்தில் அந்த மெட்டில்தான் பாட வேண்டுமாம். "அது என் பாட்டு, அவனுங்க பாட்டில்ல" என்கிறார். உடனே, "லெட்டி சரின்னாதான். அவளைக் கேட்டு எழுது" என்று தினமும் நச்சரிக்கிறார். உன்னை வா என்று கூப்பிட ஆசைதான். இந்த ஊர் உனக்குச் செய்ததற்குப் பிறகு எந்த முகத்தோடு கூப்பிடுவேன்?

சரி என்றால் சரி என்று எழுது. மனசு வரவில்லை என்றால் தயங்காமல் வேண்டாம் என்றே எழுது. குருவானவரே வந்து கேட்டாலும் ஒரு ஆளையும் அதைப் பாட விடமாட்டேன். ஆனால் அப்பாவிடம் மட்டும் நீ சரி சொன்னதாகத்தான் சொல்வேன். அந்தப் பொய்க்காகக் கர்த்தர் என்னை மன்னிக்கட்டும். நீயும் மன்னித்துவிடு, கண்ணு.

எல்ஸிக்கு முத்தங்களோடு,
உன் அம்மா
கெசியா