லாபம், ரெண்டு, மூணு

அப்பாவுக்கு வணக்கம். முழங்கால் வீக்கம் வத்துச்சா? நெல் மண்டி இரைச்சல்ல போன்ல பேசினா உங்களுக்குக் கேக்கறதில்ல, அதான் எழுதுறேன்.

நேத்து எங்க மயிலாப்பூர் பால்வாடிக்கு மேலதிகாரியம்மா வந்தாங்க. பட்டினப்பாக்கத்து மீன்காரம்மா மக தேவானையைப் புளியங்கொட்டை எண்ணச் சொன்னாங்க. "லாபம், ரெண்டு, மூணு"ன்னு எண்ணினா. "ஒண்ணே தெரியலையே, என்னத்தச் சொல்லிக்கொடுத்தே?"ன்னு என்மேல பாய்ஞ்சாங்க. வேலை போச்சுன்னே நெனச்சேன். தேவானை விடல. "எங்கம்மா மீனை அப்டிதான் எண்ணும், இன்னா இப்போ?"ன்னா. "சரி, ஒண்ணு எடு"ன்னாங்க. டக்குனு ஒரு கொட்டையை அவங்க கையில வெச்சா. சிரிச்சுட்டாங்க. எனக்கு அப்பதான் உயிரே வந்துச்சு.

நீங்களும் நெல் அளக்கறப்ப முதல் படிக்கு ஒண்ணுன்னு சொல்லாம லாபம்னுதானே சொல்வீங்க? அதைக் கேட்டே வளர்ந்த எனக்கு, தேவானை எண்ணினது இத்தனை நாளும் தப்பாவே படலப்பா.

மண்டியில சும்மா கிடக்கற அரைப்படியை, யாராவது இந்தப் பக்கம் வந்தா குடுத்தனுப்புங்க. பிள்ளைங்க மணல் அளந்து விளையாடும். இங்க தனியா இருக்கற எனக்கு ஒருவேளைக்கு ஒரு டம்ளர் அரிசி போதும். லாபம்னு சொல்லித்தான் உலையில போடறேன். ரெண்டுன்னு சொல்ல வேலையே வர்றதில்ல.

பிள்ளைங்க வந்துட்டாங்க, முடிச்சுக்கறேன்.

ஷீலா