ஏழாம் எண்ணுக்கு நீர் வைத்த பெயர்

என் கோபத்தையும் அன்பையும் ஒருங்கே கொண்டுபோன நடேசு மச்சானுக்கு,

உம்முடைய முப்பத்தோராம் நாள் நினைவுப் புத்தகம், அந்தக் கல்வெட்டு, அச்சாகிக்கொண்டிருக்கிறது. கடைசிப் பக்கத்தை எனக்கென்று வைத்திருக்கிறேன். நீர் போகுமுன் இரண்டு மாதம் நாங்கள் கதைக்கவில்லை என்பது ஊருக்குத் தெரியும். ஏன் என்பது தெரியாது.

இருவரும் சேர்ந்து எங்கள் அச்சகத்துக்கு ஒரு கணனி வாங்கினோம். கையேட்டைப் பார்த்து, நாங்களாகவே படித்து, தமிழ் அச்சடிக்க ஒரு நிரல் எழுதினோம். அதற்குள் ஒவ்வொரு எழுத்தும் ஓர் எண். எனக்கு எல்லா எண்ணும் மனப்பாடம். எண்களாகவே எழுதினேன். உமக்கு அது பிடிக்கவில்லை.

"மச்சான், எண்ணுக்கெல்லாம் பேர் வைச்சு ஒரு பட்டியல் போடுவம். நிரலிலை பேரை மட்டும் எழுதுவம். நாளைக்கு எண் மாறினால் பட்டியலை மட்டும் திருத்தினால் காணும்."

"எண் ஏன் ஐசே மாறுது? ஞாபகம் இல்லையெண்டால் உள்ளங்கையிலை எழுதி வையும்!"

"நீர் செத்தால் உந்த எண்களையும் கொண்டெல்லோ போவீர்?"

"எனக்குச் சாவு சொல்லுறீரோ?" என்று எழும்பியவன்தான். அதன் பிறகு நீர் காலையில் வந்து வேலை செய்தீர், நான் பின்னேரம் வந்தேன். யார் முந்திப் போவது என்று யாருக்குத் தெரியும், மச்சான்?

ஊரடங்கு நேரத்தில் உமக்கு நெஞ்சுவலி. உம் ஊர் சண்டிலிப்பாயில் ஒரு வாகனமும் கிடைக்கவில்லையாம். ஊரடங்கு எடுத்ததும் சைக்கிளில் ஓடி வந்தேன். உம் மனைவி, என் தங்கச்சி பூமணி, வாசற் படலையில் நின்ற விதத்திலேயே விளங்கிவிட்டது. இணுவிலிலிருந்து ஒரு நாள் முந்தி வந்திருக்கக் கூடாதா நான்?

பிறகு பழைய அச்சுப்பொறி பழுதாகிப் புதியது வந்தது. அதில் எழுத்துகளின் எண்கள் எல்லாம் வேறு. கல்வெட்டின் முகப்பில் உம் பெயரே உருக்குலைந்து விழுந்தது. மூன்று நாள் மாற்றிப் பார்த்தேன். 171ஐ 164 ஆக்கினால், முன்பிருந்த 164களோடு அது கலந்துபோகும். எதை எங்கே மாற்றினேன் என்பதே மறந்தது. மச்சானின் பெயரைச் சரியாக அடிக்க முடியாதவன் என்று தாளைக் கசக்கி எறிந்தேன்.

தங்கச்சிதான் ஒரு கணனிப் புளொப்பி கொண்டு வந்தாள். "அண்ணை, அவர் உங்களுக்கெண்டு செய்தது. நீங்கள் கதைச்சாப் பிறகு தருவம் எண்டு வைச்சிருந்தவர்."

அதில் என் முழு நிரலையும் பெயர்களால் திருப்பி எழுதியிருந்தீர். பட்டியலில் மட்டும் புது எண்களைப் போட்டேன். ஒரு காலைப்பொழுது போதுமாக இருந்தது. உம் பெயர் பிழையில்லாமல் வந்தது.

பட்டியலின் தொடக்கத்தில் ஏழு. அந்த எண்ணுக்கு எழுத்துக் கிடையாது. அனுப்பினால் கணனி கீச்சென்று கத்தும், அவ்வளவுதான். அதற்கு நீர் வைத்திருந்தது என் பெயர். ஒவ்வொரு பக்கம் முடியும் இடத்திலும் அதைப் போட்டிருக்கிறீர். சிரித்தேன், மச்சான். பிறகு சிரிக்க முடியவில்லை.

நீர் சொன்னதுதான் சரி என்று எழுத இன்னும் கை வளையவில்லை. ஆனால் ஒரு வாக்குத் தருகிறேன். இனி எந்த எண்ணையும் பெயரில்லாமல் விடமாட்டேன். ஏழின் பெயரை மாற்றவும் மாட்டேன். இந்தப் பக்கம் முடியும்போதும் அது என் பெயரில் கத்தும். முதலில் வந்து கதைத்தவன் நான்தான் என்று எடுத்துக்கொள்ளும்.

பூமணியின் தமையன்,
உம்முடைய மச்சான்
செல்லத்துரை
இணுவில்