நீ தூக்கிவிட்ட கை

ஆமத்தூர்
17.8.2025

அன்புள்ள இருளம்மாளுக்கு,

கொரோனாவில் பூட்டிய பள்ளிக்கூடத்தைத் திறந்தார்களே, நம் செவலைப்பசு கிணற்றில் விழுந்து ஊரே கயிறு போட்டுத் தூக்கியதே, அந்த வருஷம்தான் நாம் நாலு கிழடுகளும் ஊர்க்கூட்டத்தில் கையைத் தூக்கினோம். அம்மாக்காரிகள் வெடிக் கம்பெனிக்குப் போய்விட, கைக்குழந்தையைப் பார்க்க மூத்த பொம்பளைப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகாமல் நின்றுவிட்டார்கள். "குழந்தைகளை நாங்க பாத்துக்கிடுறோம், இதுகளை அனுப்புங்க" என்றோம். இன்றுவரை நடக்கிறது. ரோஜா பத்தாவது வந்துவிட்டாள், ஒருநாள் நிற்பதில்லை. அவள் தம்பி என் மீசையைப் பிடித்துத்தான் எழுந்து நிற்கிறான்.

அந்த நாலு பேரில் சங்கையா போன வருஷமே போய்விட்டார். வெள்ளைத்தாயும் ஆடியில் தவறிவிட்டாள். நீ வைத்தியத்துக்குச் சென்னை போனதிலிருந்து குழந்தைகளைப் பார்க்கும் மரத்தடியில் நான் மட்டும்தான். உன் காதுக்குப் போன் எட்டாது என்று ரோஜாவின் அம்மா பானுப்பிரியாவை எழுதச் சொன்னேன். மாத்திரையைத் துப்பாதே.

கோட்டைச்சாமி

சென்னை
6.9.2025

மாரிக்கண்ணன் அப்பாவுக்கு,

நான் சொல்றபடியே மருமக அழகுமீனா எழுதுறா. கஞ்சி காய்ச்சுறீகளா, டீக்கடையிலேயே பொழுதை ஓட்டுறீகளா? ஊர்க்கதை அம்புட்டும் எழுதுனீக, எப்ப வருவீகன்னு எழுதலையே. எழுதுற பிள்ளை பக்கத்துல இருந்ததாலயா?

டாக்டர் நம்ம மகனைத் தனியாக் கூப்பிட்டுப் பேசுனார். எனக்குக் காதுதான் கேக்காது, அவன் மூஞ்சி தெரியாதா? தை தாண்டுவேனோ என்னமோ.

கூட்டத்துல உங்க கையைப் பிடிச்சுத் தூக்கிவிட்டது நாந்தான். இப்ப நானே சொல்றேன், எறக்கிட்டு வாங்க. வந்தா திரும்பிப் போக விடமாட்டேன்.

மாரிக்கண்ணன் அம்மா

ஆமத்தூர்
5.10.2025

இருளம்மா,

உன் கடிதத்தைப் பானுப்பிரியாதான் வாசித்தாள். பாதியில் நிறுத்தி, "நீங்க போங்க தாத்தா, ரோஜாவை நான் வீட்டுல நிப்பாட்டிக்கிடுதேன்" என்றாள். "ஏ புள்ள, எழுதியிருக்கிறதை மட்டும் வாசி" என்று ஏசிவிட்டேன்.

கம்பெனியில் சீசன். அவளுக்கு லீவு கிடையாது. நான் ரயில் ஏறினால் மறுநாள் காலையில் ரோஜா தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நிற்பாள். அப்படி நின்ற பிள்ளைகளைப் பார்த்துத்தானே என் கையைத் தூக்கினாய்? வந்தால் நீ திரும்ப விடமாட்டாய். எனக்கும் திரும்ப மனசு வராது. அதனால்தான் தீபாவளிக்கும் வரப்போவதில்லை.

உன் பச்சைச் சேலையை மடித்துத் தலைக்கு வைத்துத்தான் படுக்கிறேன். இதையும் எழுதிவிட்டாள். எழுதட்டும்.

பங்குனியில் பரீட்சை முடிந்ததும் அன்றைக்கே ரயில். அதுவரை இரு. கை தூக்கிய நாலு பேரில் என்னை விட்டால் உயிரோடு இருப்பது ஒரே ஆள். நீதான், இருளம்மா.