மானாப்புல் மலை

செவ்வாய் இரவு. மூடுபனி ஜன்னல் வரைக்கும் வந்து நிற்கிறது.

கண்டி ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா சொன்னது என் வீட்டுக்காரருக்குச் சிரிப்பாக இருந்தது. அன்டிபயோட்டிக் மருந்து தின்று தின்று அவர் குடலில் நல்ல கிருமிகள் அழிந்துவிட்டனவாம். அதனால்தான் வயிற்றுப்போக்கு நிற்கவில்லை. நோயில்லாத ஒருவரின் மலத்தைச் சுத்தம் செய்து உள்ளே செலுத்தினால் அவை திரும்பப் பெருகுமாம். கொடுக்கப்போவது நான்.

"மூணு மாசத்துக்குள்ள அன்டிபயோட்டிக் ஏதும் எடுத்தீங்களா?" என்று டாக்டரம்மா என்னைக் கேட்டார்.

"இல்லீங்க" என்றேன்.

வீடு திரும்பும் பஸ் தலவாக்கலையைத் தாண்டும்போதுதான் போன மாதத்துப் பல்வலி ஞாபகம் வந்தது. பக்கத்துக் காம்பரா செல்வி தந்த சிவப்பு மாத்திரைகள். தோட்டத்து லய வரிசை வீடுகளில் மிச்ச மாத்திரையை யாரும் வீசுவதில்லை. சீனி, உப்பு மாதிரி வீட்டுக்கு வீடு போகும். போன வருஷம் இவர் காய்ச்சலுக்கும் நான் அப்படித்தான் வாங்கிக் கொடுத்தேன்.

சொன்னால் வைத்தியம் தள்ளிப்போகும். இப்போதே இளைத்துப்போய் இவர் இடுப்பில் சாரம் நிற்கவில்லை.

"ஒன்னோடத உள்ள வச்சா நானும் ஒன்ன மாதிரி வெரசா கொழுந்து எடுப்பேனா புள்ள?" என்று படுக்கும்போது கேட்டார். சிரித்தேன்.

கண்ணை மூடினால் இவர் வயிறு, தேயிலைச் செடிகளை வேரோடு பிடுங்கிய மலையாகத் தெரிகிறது. பனிக்குள் நான் கன்று நட்டுக்கொண்டே போகிறேன். திரும்பிப் பார்த்தால் ஒன்றுகூட இல்லை. தோட்டத்தில் அந்த மாதிரி மலைக்கு முதலில் மானாப்புல் போட்டு, மண் தேறும்வரை காத்திருப்பார்கள்.

காலையில் போன் போட்டு என் பல்வலியை டாக்டரம்மாவிடம் சொல்லிவிடுவேன். காய்ச்சலுக்கு நான் கொடுத்ததும் அதே மாத்திரைதான் என்று இவரிடம் எப்படிச் சொல்வது.